கோப்பில் ஒட்ட ஒரு படம்

3 மார்ச்

என் திருகாணிக்குப் பாட்டி எழுதுவது.

முதலில் நல்ல சேதிகள். உன் பெரியண்ணன் நர்ஸ் படிப்பில் தேறிவிட்டான். வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றவனை டாக்டர் என்று நினைத்து எதிர்வீட்டம்மாள் எழுந்து நின்றாள், நான் திருத்தவில்லை. அத்தை மகள் ஓட்டப் பந்தயத்தில் மாவட்டத்திலேயே இரண்டாவது. முதலில் வந்தவளுக்குக் கால் நீளம், அவ்வளவுதான். உன் தம்பி, சின்னவன், இரண்டாம் வகுப்பு படிக்கும்போதே பேப்பரை எழுத்துக்கூட்டாமல் வாசிக்கிறான். ஐந்தாவதோடு நிறுத்திய என்னை இந்த வருஷமே தாண்டிவிடுவான்.

அடுத்தது நீ. கடைசியாகச் சொல்வதால் குறைச்சல் என்று நினைக்காதே. உங்கள் சீர்திருத்த இல்லத்துத் தையல் கூடத்தில் பதினோரு மிஷினையும் நீதான் ஓட வைக்கிறாயாமே. "உங்க பேத்தி இல்லன்னா ஆஸ்பத்திரித் துணி ஆர்டர் பாதியில நிக்கும்மா" என்று கண்காணிப்பாளர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். மூன்று வயதில் ரேடியோவைக் கழற்றிப் போட்டவளுக்குத் திருகாணி என்று பேர் வைத்தது நான்தானே. தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. போன் கடைக் கண்ணாடியை உடைத்த கூட்டத்தில் நீயும் இருந்தாய் என்று பேசிய வாய்களிடம் இரண்டு தடவை சொன்னேன்.

அந்தச் சந்தோஷத்தில் அவருக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தேன். பெண்ணை நன்றாக வைத்திருக்கிறீர்கள், அவசரப்பட்டு அனுப்ப வேண்டாம், தொழில் முழுசும் கற்றுக்கொண்டு வரட்டும் என்று. 12ஆம் தேதி ஜட்ஜ் உன் கோப்பைப் பார்க்கிறாராம். நல்லதே நடக்கும்.

உன் பாட்டி


14 மார்ச்

பாட்டிக்கு,

பெரியண்ணனுக்கு என் வாழ்த்தைச் சொல்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஜட்ஜ் எதற்குக் கோப்பைப் பார்க்கிறார் என்று உனக்கு யாரும் சொல்லவில்லை போல. இன்னும் உள்ளே வைக்க வேண்டுமா, வீட்டுக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்யத்தான். எனக்குப் போட்ட ஆறு மாதம் டிசம்பரிலேயே முடிந்தது. பயிற்சி பாக்கி என்று மூன்று மாதம் கூட்டினார்கள். இந்தத் தடவை நிச்சயம் என்று பையைக்கூடக் கட்டி வைத்திருந்தேன்.

கண்காணிப்பாளர் உன் கடிதத்தை எடுத்து வாசித்தார். "வீட்டுலயே அவசரம் வேண்டாம்னு சொல்றாங்க" என்றார். "நீ என்னம்மா சொல்ற?" என்று ஜட்ஜ் என்னைக் கேட்டார். உன் கையெழுத்தைப் பார்த்த பிறகு, உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டேன். இன்னும் மூன்று மாதம்.

மிஷின் வேலையை நான் இரண்டே மாதத்தில் கற்றுக்கொண்டேன். அதற்கப்புறம் செய்ததெல்லாம் ரிப்பேர்தான். என்னை அனுப்பினால் வெளியிலிருந்து மெக்கானிக் வர வேண்டும்.

தெருவில் என்னைப் பற்றிப் பெருமை பேச வேண்டாம். கொஞ்ச நாளைக்கு எழுதவும் வேண்டாம்.

பேத்தி


9 ஏப்ரல்

திருகாணி,

எழுத வேண்டாம் என்றாய். இதை மட்டும் படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

உன் கடிதம் வந்த மறுநாளே கோர்ட்டுக்குப் போனேன். "அடுத்த தேதி ஜூன்லதான் பாட்டி, அப்ப வாங்க" என்றார் குமாஸ்தா.

"தப்புப் பண்ணது நான். அதுக்கு அவ எதுக்கு ஜூன் வரைக்கும் உக்காரணும்?"

"அப்ப மனு குடுங்க, முன்னாடியே எடுக்கலாம். வக்கீல் இருக்காரா?"

"பேனா இருக்கு" என்றேன். அவர் சிரித்துவிட்டு ஒரு காகிதம் கொடுத்தார். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். இரண்டு இடத்தில் அடித்தல் திருத்தல்.

நேற்று என்னையும் கண்காணிப்பாளரையும் கூப்பிட்டார்கள். ஜட்ஜ் என் இரண்டு காகிதத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். "ரெண்டும் உங்க கையெழுத்துதான். நான் எதைம்மா நம்பறது?"

 மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டேன். "ரெண்டும் நெஜம்தாங்க. தொழில் தெரிஞ்சவளா ஆயிட்டாளேங்கற பெருமையில மொதல் கடிதம் எழுதினேன். அந்த வேலையே அவளக் கட்டிப் போட்டுடுச்சுன்னு தெரிஞ்சு ரெண்டாவது எழுதினேன். தப்புக்கு ஆறு மாசம்னு சொன்னீங்க, ஒத்துக்கிட்டோம். நல்லா வேலை செஞ்சதுக்கு எத்தன மாசங்க?"

ஜட்ஜ் கண்காணிப்பாளர் பக்கம் திரும்பினார். "இந்தப் பொண்ணு இன்னும் என்ன கத்துக்கணும்?"

அவர் கோப்பைப் புரட்டினார். "ஜூன் வரைக்கும் ஆஸ்பத்திரி ஆர்டர் இருக்குங்க."

"நான் பொண்ணப் பத்திக் கேட்டேன்" என்றார் ஜட்ஜ்.

15ஆம் தேதி உன்னை அனுப்புகிறார்கள். ஆனால் நம் தெருவுக்கு இல்லை. கண்ணாடி உடைத்த அந்தக் கூட்டம் இன்னும் தெருமுனையில்தான் நிற்கிறது. நானும் மறுத்துப் பேசவில்லை. அத்தை வீட்டில் தங்கி அங்கே மிஷின் ரிப்பேர் பட்டறையில் சேர வேண்டும். ஜூலையில் கடைசியாக ஒரு தடவை கோப்பைப் பார்த்துவிட்டு மூடிவிடுவாராம்.

வெளியே வந்ததும் கண்காணிப்பாளர், "நானும் அவள நல்லாத்தாம்மா வெச்சிருந்தேன்" என்றார். அதுவும் பொய்யில்லை.

பையை மறுபடியும் கட்டு.

பாட்டி


20 மே

அன்புள்ள பாட்டிக்கு,

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை.

பட்டறை முதலாளி முதல் நாள், "மோட்டார் கனம் தெரியுமா பாப்பா?" என்று கிண்டல் செய்தார். கடைக் கண்ணாடி விஷயத்தை நானே அவரிடம் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு ஒரு மோட்டாரை என் பக்கம் தள்ளினார். போன வாரத்திலிருந்து பட்டறைச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுத்தான் மத்தியானம் சாப்பிடப் போகிறார்.

அத்தை மகள் விடிந்ததும் என்னையும் ஓட இழுக்கிறாள். எனக்கு மூச்சு வாங்குகிறது, அவளுக்குச் சிரிப்பு.

நீ வேண்டுமானால் தெருவில் சொல்லிக்கொள்.

திருகாணி


2 ஜூன்

என் தங்கத் திருகாணிக்கு,

சொல்லியாகிவிட்டது. எதிர்வீட்டம்மாள் எத்தனை சாவி என்று கேட்டாள். கொத்துச் சாவி என்றேன். ஒன்றுதான் என்றால் நீ காட்டிக்கொடுக்காதே.

ஒரு காரியம் பாக்கி இருக்கிறது. அன்று கோர்ட்டில் குமாஸ்தா கோப்பைத் திறந்தபோது முதல் பக்கத்தில் உன் படத்தைப் பார்த்தேன். உள்ளே போன அன்று எடுத்தது. முகம் வீங்கி, தலை கலைந்து, நம் வீட்டுப் பெண் மாதிரியே இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அந்த முகத்தைப் பார்த்துத்தான் உன்னைப் பற்றி முடிவு செய்திருக்கிறார்கள். குமாஸ்தாவிடம் விடாமல் கேட்டேன். "சரி, புதுசு குடுங்க பாட்டி, பக்கத்துல ஒட்டிடறேன்" என்று ஒப்புக்கொண்டார்.

ஜூலை 6 அன்றுதான் ஜட்ஜ் கடைசியாகக் கோப்பைப் பார்க்கிறார். அதற்குள் பட்டறை வாசலில் நின்று புதுப் படம் ஒன்று எடுத்து, இரண்டு பிரதி போட்டுத் தபாலில் அனுப்பு. ஒன்று பெரியண்ணன் படத்துக்குப் பக்கத்தில் மாட்ட. ஆணி அடித்து வைத்திருக்கிறேன். மற்றது ஜட்ஜ் பார்க்க.

கையில் சாவி தெரியட்டும்.

உன் பாட்டி