மருந்துக்கடை ரசீது

அண்ணா,

மீட்கப்படுகிறவர்களை ஆண்டவர் உலகம் உண்டாகும் முன்பே தேர்ந்தெடுத்துவிட்டார், அந்தப் பட்டியலில் அப்பா இல்லை என்று சண்டையில் சொல்லிவிட்டுப் போனாய். போதகரான மகன் சொன்னதாயிற்றே, அப்படியே நம்பிவிட்டார். ஜெபிக்கச் சொன்னால், "நான்தான் லிஸ்ட்லயே இல்லையேம்மா" என்கிறார். இந்த மாதம் தாண்டாது என்கிறார் டாக்டர்.

கண் பார்வையும் போய்விட்டது. நேற்று மருந்துக்கடை ரசீதைப் பிடித்துக்கொண்டு, நீ எழுதியதாக வாசித்தேன்: "அப்பா, கேட்கிற யாரையும் ஆண்டவர் தள்ளமாட்டார்."

வாங்கித் தடவிப் பார்த்தார். "இத்துனூண்டு தாள்லயா எழுதினான்? பிரசங்கத்தையே ரெண்டு மணி நேரம் இழுப்பானே!" என்று சிரித்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எல்லாம் முன்பே முடிவானதாகவே இருக்கட்டும். நீ எழுதுவது இன்னும் உன் கையில்தான் இருக்கிறது. உள்ளே பெரிய தாள் ஒன்று வைத்திருக்கிறேன்.

உன் தங்கை