எங்கள் பக்கத்துக் கிளை

ஏப்ரல் 11, வெள்ளி

இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு மன்னிப்பு, டைரியே. பாப்பா இப்போதுதான் கண் மூடினாள். பகல் முழுக்கப் புழுக்கம். சாயங்காலம் காற்று, நாலு சொட்டு மழை. மழை பரவாயில்லை, காற்றுதான் கவலை.

அறைக்கு மேலே தூங்குமூஞ்சி மரத்தின் பெரிய கிளை. என் இடுப்புத் தடிமன் இருக்கும். கூரையோ வெறும் ஷீட். அதற்கடியில் தொட்டில். இன்று காற்றில் கிளை முனகிய சத்தம் கேட்டதும் தொட்டிலை அவிழ்த்துச் சமையலறையில் கட்டினேன். தாளிப்பு நெடியில் பாப்பாவுக்கு ஒரே தும்மல்.

என் வீட்டுக்காரர் செந்தில் நஞ்சன்கூடு ஃபாக்டரி ஷிப்ட் முடிந்து வந்து பார்த்துவிட்டுச் சொன்னார், "இங்கெதுக்குப் புள்ளைக்குத் தொட்டில்? ஓனர் சொன்னாப்பல மரத்த மொத்தமாச் சாய்ச்சிரலாம். நீதான் விடமாட்டேங்கற."

"சாய்ச்சுட்டு, மத்தியானம் இந்த ஷீட்டுக்கடியில நீங்க படுத்துப் பாருங்க. அப்பளமாட்டம் பொரிஞ்சு போவீங்க."

ரசம் கேட்டார்.

எனக்கு இரண்டும் வேண்டும். கிளை விழக் கூடாது, நிழலும் போகக் கூடாது. தாவரவியல் படித்த படிப்பு இதுவரை ரவையில் புழு பார்க்கத்தான் உதவியிருக்கிறது. அதுவும் விலங்கியல்.

ஏப்ரல் 12, சனி

வெயில். பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டுக்கு எதிர்ப்புறம் போய் நின்று மரத்தை முழுசாகப் பார்த்தேன். இரண்டு வருஷமாக அடியிலேயே இருந்ததால் தெரியாமல் போயிருக்கிறது.

பார்த்தவை:
- அடிமரம் நல்லா இருக்கு. தட்டினால் பொந்துச் சத்தம் இல்லை. வேரோரம் காளான் இல்லை.
- கவட்டையில் வெடிப்பு இல்லை.
- சந்துப் பக்கம் ஒரு பட்ட கொம்பு. குக்குறுவான் பறவை பொந்து போட்டிருக்கிறது. கீழே யாரும் நடப்பதில்லை, இருக்கட்டும்.
- மரம் ஒருபக்கமாக இருக்கிறது. எங்கள் பக்கம்.

கடைசி விஷயம்தான் விஷயம். கிழக்கே விமலா ஆன்ட்டி வீடு. சோலார் கண்ணாடியில் இலை விழுகிறது என்று வருஷா வருஷம் தன் பக்கத்தைக் கழித்துவிடுவார். பின்னால் டியூஷன் சார், காருக்காக அவர் பக்கத்தை. எங்கள் பக்கத்தில் மட்டும் யாரும் கை வைத்ததில்லை. வாடகை வீடு. பதினோரு மாத அக்ரிமென்ட்டில் வந்து போகிறவன் மரத்தைப் பார்ப்பானா? அவரவர் கூரையை அவரவர் காப்பாற்றிக்கொண்டதில் மொத்தப் பாரமும் என் பிள்ளையின் தொட்டிலுக்கு மேலே.

பெங்களூரில் இருக்கும் ஓனருக்குப் போன். போன மாதமே கிளை கழிக்க மாநகராட்சியில் அனுமதி வாங்கி வைத்திருக்கிறார். ஆள் வைத்துக்கொள்ளலாமாம். "ஆனால் இந்த மழையில் ஒரு சுள்ளி ஷீட்டில் விழுந்தாலும் மரத்தையே எடுத்துவிடுவேன்" என்று கன்னடத்தில் கண்டிப்பாகச் சொன்னார். சரி சார் என்றேன்.

மறக்காமல்: போலியோ சொட்டு. கோதுமை மாவு. அம்மாவுக்குப் போன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

காலையிலேயே மரம் வெட்டும் முருகேசனும் இரண்டு ஆட்களும் வந்துவிட்டார்கள். முருகேசனின் அப்பா காலத்திலேயே தர்மபுரியிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். லைன்மேன் கரண்டை நிறுத்திவிட்டுப் போனார். முருகேசன் அண்ணாந்து பார்த்து, "அக்கா, தலைய எடுத்துடலாம். ஊரெல்லாம் அப்படித்தான. நாலு வருஷம் தொல்லை இல்லை."

"தலைல கை வைக்காதீங்க. வெட்டுன எடத்துல கொத்துக் கொத்தா துளிர் விடும். அதுக்குப் பிடிப்பே இருக்காது. காத்தடிச்சா மொதல்ல அதான் ஒடியும்."

"அப்ப இந்தக் கிளைய அடியோட?"

"அடியோட வேண்டாம். அதோ, மேல பாத்துப் போற பக்கக் கிளை ஒண்ணு இருக்குல்ல, அது வரைக்கும் கொறைங்க. மொதல்ல கீழ இருந்து பாதி அறுப்பு. அப்புறம் கொஞ்சம் தள்ளி மேல இருந்து. இல்லன்னா பட்டை கிழிஞ்சு அடிவரைக்கும் வந்துரும்."

"டீச்சரா நீங்க?"

"வீட்லதான் இருக்கேன்."

"அதான. வேலைக்குப் போயிருந்தீங்கன்னா இன்னேரம் மொட்டை போட்டு முடிச்சிருப்போம்."

ஆட்கள் சிரித்தார்கள், நானும். ஆனால் கயிறு கட்டி இறக்கும் நேர்த்தி அவர்களுடையது. கிளை அறுபட்டு ஷீட்டுக்கு மேலே ஒரு கணம் அந்தரத்தில் ஆடியது. பாப்பாவை இறுக்கியதில் அவள் அழுதாள். கிளை மெதுவாகத் திரும்பி, வாசலில் போய் இறங்கியது.

வெட்டுவாயில் தார் பூச டப்பாவைத் திறந்தார்கள். வேண்டாம் என்றேன், மரமே மூடிக்கொள்ளும். "தார் மிச்சம்" என்று டப்பாவை மூடினார் முருகேசன்.

ஏப்ரல் 16, புதன்

சாயங்காலம் நல்ல காற்று. மா, சப்போட்டா எல்லாம் பேயாட்டம். எங்கள் கிளை ஆடியது, முனகவில்லை. வேண்டுமென்றே கீழே நின்று கேட்டேன். தொட்டில் பழைய இடத்துக்கு வந்தாயிற்று. மத்தியானம் நிழல் முன்போலவே ஷீட்டில் விழுகிறது, கொஞ்சம் பொட்டுப் பொட்டாக.

செந்தில்: "நல்லாத்தான் பண்ணியிருக்க." இதை எழுதி வைக்க வேண்டும். வைத்தாயிற்று.

ஏப்ரல் 18, வெள்ளி

பயம் திரும்ப வந்தது, கையில் அரிவாளோடு. விமலா ஆன்ட்டியின் வழக்கமான ஆள். ஆன்ட்டி ஹூப்ளியில் மகள் வீட்டில் இருக்கிறார், அங்கிருந்தே ஏற்பாடு. அந்தப் பக்கத்தையும் கழித்தால் மரம் மறுபடி எங்கள் மேல்தான் சாயும். செவ்வாயன்று செய்ததெல்லாம் வீண். ஆன்ட்டியிடம் மறுபடி கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்று அனுப்பிவிட்டேன். முறைத்துக்கொண்டே போனார். ஞாயிற்றுக்கிழமை வருவாராம்.

தன் பக்கத்தை வெட்டாமல் விட டியூஷன் சார் ஒப்புக்கொண்டார், காருக்கு உறை போடுகிறாராம். இனி ஆன்ட்டிதான். மெசேஜ் கன்னடத்தில் அனுப்ப வேண்டும், ஆனால் தமிழில் யோசித்தால்தான் எனக்குப் பேச்சு நேராக வரும். இப்படி:

ஆன்ட்டி, நமஸ்காரம். உங்கள் ஆளைத் திருப்பி அனுப்பியது நான்தான், அவர் மேல் தப்பில்லை. எங்கள் பக்கம் பாரத்தைக் குறைத்துவிட்டோம். உங்கள் பக்கம் இரண்டு வருஷம் வளர விட்டால் மரம் நேராக நிற்கும். அதை வெட்டினால் பாரம் முழுக்க என் பிள்ளை தூங்கும் கூரை மேல். உங்கள் சோலாரை வாரா வாரம் நானே மேலே ஏறித் துடைத்துவிடுகிறேன். இலை ஒன்றுகூட இருக்காது, வந்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.