ஊதா மருந்து போட்ட படகு

அக்டோபர் 3, 1981. சனி.

காலையில் தூறல், பிறகு நல்ல வெயில். கண்மாய் ஏறிக்கொண்டே இருக்கிறது. இன்னும் இரண்டு மழை பெய்தால் அக்கரைத் தெருவுக்குப் போகும் வண்டிப் பாதை முங்கிவிடும்.

டிஸ்பென்சரியில் இன்று: இருமல் 11, சிரங்கு 4, தேள்கடி 1. அக்கரையிலிருந்து பாண்டியம்மாள். ஒன்பதாம் மாதம். தலை கீழே திரும்பியிருக்கிறது, நல்ல துடிப்பு. "சிஸ்டர், இந்தத் தடவையாச்சும்..." என்றாள். இரண்டு வருடம் முன் இதே மழையில் அவளைக் கட்டிலோடு கரையைச் சுற்றித் தூக்கிவந்தார்கள். மூன்று மணி நேரம். வந்தபோது குழந்தைக்குத் துடிப்பு நின்றிருந்தது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

படகு இருந்தால் கால் மணி நேரம். பணம் தரப் பங்குச் சாமியார் சம்மதித்துவிட்டார். "வாங்குங்கம்மா. முங்காததா பாத்து வாங்குங்க." நல்ல யோசனை. மதுரையில் எவன் படகு விற்கிறான்?

அக். 4, ஞாயிறு.

விற்கிறான்! பூசை முடிந்து வீட்டுக்காரரோடு திருப்பரங்குன்றம். மரக்கடை காசி, மலை ஏரியில் ஓடிய பழைய பைபர் படகு ஒன்றை ஏலத்தில் எடுத்துக் கடைக்குப் பின்னால் போட்டிருக்கிறான். புது நீலப் பெயிண்ட். உள்ளே நிறையத் தண்ணீர். எருமை ஒன்று குடித்துக்கொண்டிருந்தது.

"ஆறு மாசமாத் தொட்டியாத்தான்ணே கெடக்கு. ஒரு சொட்டு ஒழுகல. உள்ள இருக்க தண்ணி வெளிய போகலைன்னா, வெளிய இருக்க தண்ணி மட்டும் எப்படிண்ணே உள்ள வரும்?"

இவர் சொக்கிப்போனார். கணக்கு வாத்தியார் வேறு. மாட்டுக்குச் சுழி பார்ப்பது போல இரண்டு சுற்று வந்து, "லட்சணமா இருக்கு ஸ்டெல்லா" என்றார். எனக்கு அந்தப் பெயிண்ட்தான் உறுத்தியது. பழைய சாமானுக்கு எதற்குப் புதுப் பூச்சு?

"தண்ணிய எறச்சுக் காய வச்சு, கவுத்துப் போட்டு வைங்க. அடுத்த ஞாயிறு வாரேன்" என்றேன். காசிக்கு முகம் சுருங்கியது. எருமைக்கும்தான்.

பஸ்ஸில் சண்டை. "ஒனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல?"

அக். 7, புதன்.

மழை. பாதையில் முழங்கால் தண்ணீர். வாங்க வேண்டியது: பஞ்சு, டெட்டால், ஸ்டவ் திரி.

பைபரில் தண்ணீர்த் தொட்டி செய்யும் பட்டறைக்காரரைப் போய்க் கேட்டேன். துணி மேல் துணியாகப் பசை போட்டு ஒட்டுவதுதானாம் பைபர். "தட்டிப் பாருங்கம்மா. ஒட்டியிருந்தா கணீர்னு கேக்கும். விட்டுப்போயி உள்ள தண்ணி எறங்கியிருந்தா பொத்துனு கேக்கும்."

சிரிப்பு வந்துவிட்டது. நெஞ்சில் நீர் கட்டினவர்களை டாக்டர் விரலால் தட்டுவதைப் பத்தொன்பது வருடமாகப் பக்கத்தில் நின்று கேட்கிறேன். படகும் அப்படித்தானா!

அக். 11, ஞாயிறு.

மேகமூட்டம். கவிழ்த்துப் போட்டிருந்தான். ஒரு ரூபாய்க் காசை வைத்து முன்மூக்கிலிருந்து சாண் சாணாகத் தட்டினேன். கணீர், கணீர். இரண்டு பக்கமும் கணீர். அடிப்பக்கம் ஏறி மிதித்தேன், அசையவில்லை. பைபருக்குள் மரம் வைத்து ஒட்டிய பின்பலகைக்கு வந்தேன். பொத். தள்ளித் தட்டினேன். பொத். பொத் என்ற இடமெல்லாம் சிரங்குக்குப் போடும் ஊதா மருந்தால் வட்டம். மொத்தம் ஆறு. பெயிண்டைச் சுரண்டினால் உள்ளே மயிரிழை மயிரிழையாகக் கீறல்.

"நல்லா இருக்க சாமானுக்கு நோவு சொல்றீங்களேம்மா!"

"அதுதாங்க என் வேலை. ஒரு ஓட்டை போட்டுப் பாப்பம். தண்ணி வரலைன்னா இப்பவே எடுத்துக்கறேன்."

கடை ஆசாரி துளை போட்டார். காப்பி நிறத்தில் தண்ணீர் வடிந்தது. அழுகின மர வாடை. "எம்புட்டுத் தண்ணி!" என்றார் இவர். ஒழுகாததற்குச் சாட்சியாக ஆறு மாதம் நிறுத்திவைத்த தண்ணீர்! ஒழுகவில்லைதான். குடித்திருக்கிறது.

காசி குத்தவைத்து உட்கார்ந்துவிட்டான். "சத்தியமா எனக்குத் தெரியாதும்மா." நம்பினேன். பாண்டியம்மாளுக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. ஆனால் பின்பலகையைத் தவிர எல்லாம் கணீர்தானே. உடம்பு நல்ல உடம்பு, ஒரு எலும்புதான் பழுது. இதைச் சொன்னதும் எழுந்துவிட்டான்: "பலகைய மாத்தித் தாரேன். எங் கடை மரம். நீங்க சொன்ன பட்டறைக்காரர வச்சே ஒட்டித் தாரேன்."

அக். 18, ஞாயிறு.

புதுப் பலகை. மறுபடி தட்டினேன். ஒரு இடம்கூட விடவில்லை. பூசையில் மணி அடித்தது போல இருந்தது. மேலே பெயிண்ட் அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தெரிய வேண்டியது தெரியட்டும். எருமைக்குச் சிமெண்டுத் தொட்டி வந்துவிட்டது.

அக். 22, வியாழன்.

பாதை முங்கிவிட்டது. லாரியில் படகு வந்தது. ஆறு மணல் மூட்டை ஏற்றி ஒரு மணி நேரம் கண்மாயில் நிறுத்தினோம். உள்ளே பஞ்சால் துடைத்துப் பார்த்தேன். காய்ந்த பஞ்சு! நீச்சல் தெரியாத இவர் சைக்கிள் டியூபைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறினார். துடுப்புப் போட அக்கரை மாயாண்டி, பாண்டியம்மாள் புருஷன். பழைய பலகையிலிருந்து படகின் உடம்பில் வழிந்து, துடைத்தும் போகாத ஊதாக் கறையைப் பார்த்து, "என்ன சிஸ்டர், படகுக்கும் செரங்கா?" ரொம்ப நாளுக்குப் பிறகு அவன் சிரித்துப் பார்க்கிறேன்.

அக். 24, சனி.

மதியம் அக்கரையிலிருந்து மாயாண்டியின் கூப்பாடு. "ஏத்திக் கொண்டாங்க!" என்று கத்தினேன், எதிர்க்காற்றில் கேட்டதோ என்னவோ. படகு இக்கரைக்கு வந்தபோது அதில் பாண்டியம்மாள், பல்லைக் கடித்துக்கொண்டு. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கீழே உலர்ந்த சாக்கு, உலர்ந்தபடியே.

3.40. பெண். வாயைத் துடைத்தேன். அழவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். பாண்டியம்மாள் என் முகத்தையே பார்த்தாள். உள்ளங்காலில் இரண்டு தட்டு.

கணீர்.