ஒப்பாரி என்றொரு கட்டளை

உன்னைக் கொன்றது டெங்கு இல்லை, இந்த அலுவலகம்தான். ஒப்பந்த ஆட்களுக்கு விடுப்பு கிடையாது. வராவிட்டால் ஆளை மாற்றிவிடுவார்கள். நான்கு நாள் காய்ச்சலோடு ஆர்.கே.புரத்திலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தாய். ஐந்தாம் நாள் வரவில்லை.

இன்று காலை யாரோ முன்னாள் மந்திரி இறந்துவிட்டார். "ஜல்தி! எல்லா சைட்டிலும் கறுப்புப் பட்டை!" என்று அதிகாரி கத்தினார். நீ வைத்த சொல்லைத் தட்டினேன்: ஒப்பாரி.

பதினேழு துறைகளின் இணையதளங்களுக்கு நாம் இரண்டே பேர். ஒவ்வொன்றிலும் தனித்தனியாக நுழைந்து, நீளநீளமான கட்டளைகளை அடிப்போம். ஒரு மதியம் நீ கீபோர்டைத் தள்ளிவிட்டாய். "ஏட்டி, இப்படியே அடிச்சா வெரலு தேஞ்சிரும். எல்லாத்துக்கும் ஒத்த வார்த்தை வச்சிருவோம்." 'வா' என்றால் தளம் திறந்தது. 'போ' என்றால் புதுப் பக்கம் ஏறியது. தில்லியிலேயே பிறந்து, தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறிய நீ, வீட்டில் கேட்ட திருநெல்வேலிப் பேச்சை ஆங்கில எழுத்தில் அடித்துக் கணினிக்குள் வைத்தாய்.

பெரிய மனிதர்கள் செத்தால் பதினேழிலும் ஒரே நேரத்தில் இரங்கல் போடவும் ஒரு சொல் தேவைப்பட்டது. "ஒப்பாரின்னு வைப்போம். இவனுவளுக்கு என்ன புரியப்போவுது? சம்பளத்துக்கு அழுறதுதானட்டி நம்ம வேல" என்று சிரித்தாய்.

நீ போனதும், ஏதாவது ஒரு தளத்தின் மூலையில், ஒரே ஒரு நாள், உன் பெயரைப் போடக் கேட்டு எழுதிக்கொடுத்தேன். இரண்டு முறை. பதில் இல்லை. உன் நாற்காலியில் இப்போது பிரிண்டர் உட்கார்ந்திருக்கிறது.

இன்றும் 'ஒப்பாரி' வழக்கம்போல் கேட்டது: யாரு?

உன் பெயரை அடித்தேன்.

பதினேழு தளங்களிலும், கறுப்புப் பட்டையின் நடுவில், நீ. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் அதிகாரி ஓடிவந்து திரையைப் பார்த்தார். "யே கோன் ஹை?" என்றார். மூன்று வருடம் தன் அறை வாசலுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவளை, யார் இது என்கிறார். "ஏ மதராசி" என்றே கூப்பிட்டுப் பழகியவருக்குப் பெயர் எதற்கு?

"ஹடாவோ! உடனே எடு!"

எதை அடித்தால் அது மறையும் என்று நம் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. இப்போது எனக்கு மட்டும். நீ விட்டுப்போன சொற்களெல்லாம் என் விரல்களில்தான் இருக்கின்றன. வேலை போய்விடும் என்று தெரிந்தே கீபோர்டிலிருந்து கையை எடுத்தேன்.

"எடுத்துவிடுகிறேன் சார். அதற்கு முன்னால் அந்தப் பெயரை ஒரு தடவை சத்தமாகப் படியுங்கள்" என்று இந்தியில் சொன்னேன்.

திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"படியுங்கள், சார்."