நான் போட்ட உன் கையெழுத்து

இன்று கண்ணாடி மாற்றப் போயிருந்தேன். உழவர்கரையில் புதிதாக வந்திருக்கும் கடை. அங்கிருந்த பெண் சானிடைசர் தடவிய கையோடு என் காதுக்குப் பின்னால் பிரேமை அழுத்திப் பார்த்து, "டைட்டா இருக்கா சார்?" என்றாள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் எழுந்துவிட்டேன். கண்ணாடி வாங்காமலே வீட்டுக்கு வந்து உனக்கு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நம் தெருவில் உன் கண்ணாடிக் கடையும் என் குடைக் கடையும் எதிரெதிரே. காலையில் நான் ஷட்டரைத் தூக்கும் சத்தம் கேட்டதும், "போன்ழூர், பாய்!" என்று கத்துவாய். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த உன் அப்பாவிடமிருந்து உனக்கு வந்தது அந்த வணக்கமும் அந்தக் கையெழுத்தும்தான். முதல் எழுத்தில் ஒரு சுழி, கீழே நீளமாக ஒரு கோடு, கோட்டுக்கடியில் இரண்டு புள்ளி. தெரு வியாபாரிகள் சங்கத்துக்கு நான் செயலாளர். சாக்கடை அடைப்போ தெருவிளக்கோ, எதற்கு மனு எழுதினாலும் எல்லாக் கடைக்காரர்களும் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்று குறைந்தாலும் மனு போகாது. அது நம் சங்கத்து வழக்கம். உனக்கோ மனு என்றாலே கொட்டாவி. "நீயே போட்டுக்க பாய். என் கையெழுத்த என்னவிட நீதான் அழகா போடுற" என்பாய். வருடக்கணக்காக நானே போட்டேன். தெருவுக்கே தெரியும், சிரிப்பார்கள். உன் வீட்டில்தான் தெரியாது.

பிறகு கொரோனா. இரண்டாவது அலையில் மறுபடியும் கடைகளை மூடச் சொன்னார்கள். டிவியைப் போட்டால் ஒரே சண்டை. திறந்தால் பிணம் விழும் என்றது ஒரு கட்சி. மூடி வைத்தால் பட்டினியால் விழும் என்றது இன்னொன்று. முந்தின வருடம் இவர்கள் சொன்னதை அந்த வருடம் அவர்கள் சொன்னார்கள். எனக்கு மண்டை காய்ந்தது. செருப்புக் கடைக்காரர் வீட்டில் ரேஷன் அரிசிக் கஞ்சி, அதுவும் ஒரு வேளைதான். என் வீட்டிலும் அதே கதி. என் வாய் சும்மா இருக்குமா? "சாராயக் கடைக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயமா? தொறக்கச் சொல்லி மனு குடுப்போம்" என்று சங்கத்தில் குதித்தேன்.

எல்லோரும் சரி என்றார்கள். நீ மட்டும் போனில் மாட்டேன் என்றாய்.

"நீ குடைய மேஜ மேல வெச்சிட்டுத் தள்ளி நிப்ப பாய். நான் மூஞ்சிக்கு நேரா மூஞ்சி வெச்சாத்தான் கண்ணாடி மாட்ட முடியும். சக்கர உடம்பு எனக்கு. என் பேர போடாத."

"தலைக்கு மேல வெள்ளம் போயிடுச்சி. இனிமே ஜாண் போனா இன்னா, மொழம் போனா இன்னா?"

"முழுவப் போறவன் நான் பாய். எனக்கு வித்தியாசம் தெரியும்."

நீ சொன்னது சரி. நான் சொன்னதும் பொய்யில்லை. அந்தக் கொடுமையை யாரிடம் போய்ச் சொல்ல?

மறுநாள் காலை பத்து மணிக்கு அதிகாரியிடம் மனு போக வேண்டும். உன் கடைப் பெயருக்கு எதிரே மட்டும் காலியாக இருந்தது. அந்த இடத்தில் உன் கையெழுத்தைப் போட்டேன். பழக்கத்தில் கை போய்விட்டது என்று இத்தனை நாளாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பச்சைப் பொய். தெரிந்தேதான் போட்டேன்.

அனுமதி வந்தது. மனுவை யாரோ படம் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட, நீ பார்த்துவிட்டாய். போன் அடித்தது. நாலு கெட்ட வார்த்தையாவது வரும் என்று காத்திருந்தேன். நீ சிரித்தாய், பாவி.

"கோடு கொஞ்சம் கோணிப்போச்சி பாய்."

"திட்றா. வாய்க்கு வந்தபடி திட்டு."

"திட்டி இன்னா பண்றது? தெருவே ஒத்துக்கிச்சின்னுதான் பர்மிஷன் குடுத்துருக்கான். நான் தொறக்கலன்னா செக்ரட்டரி பொய்க் கையெழுத்து போட்டான்னு உன்ன நாறடிச்சிடுவானுங்க. அந்தச் செருப்புக் கடைக்காரர் கஞ்சிக்கும் மண்ணு விழும். தொறக்கிறேன், போ."

அப்போதாவது 'வேண்டாம்டா' என்று சொல்லியிருக்கலாம். "மாஸ்க்க ரெண்டா போட்டுக்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

இரண்டாவது வாரத்தில் காபி ருசிக்கவில்லை என்றாய். நான்காம் நாள் பெரிய ஆஸ்பத்திரி, ஆக்சிஜன். அங்கிருந்து ஒரே ஒரு தடவை பேசினாய். சொல்லுக்குச் சொல் மூச்சு அறுந்தது. "பாய்... அந்தக் கையெழுத்து விஷயத்த... என் பொண்டாட்டிகிட்ட சொல்லிடாத. உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டா. எனக்கு எதுனா ஆச்சின்னா... அவளுக்கு உன்ன வுட்டா யாரு?" யா அல்லா! சாகிற நேரத்திலும் என் பெயரைத்தான் காப்பாற்றினாய். கவச உடை போட்ட நாலு பேர் உன்னைப் புதைத்தார்கள். நான் கல்லறைத் தோட்டத்துக் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றேன்.

நீ சொன்னபடி வாயை மூடிக்கொண்டேன். அதனால் என்ன ஆயிற்று தெரியுமா? அந்த வாட்ஸ்அப் படத்தைப் பார்த்த உன் மனைவி உன்னை வெறுக்கிறாள். திறக்க மாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, தனக்குத் தெரியாமல் கையெழுத்துப் போட்டு, கடையைத் திறந்து செத்துப்போன மனிதன் என்று உன்னை நினைக்கிறாள். நான் வாயைத் திறந்தால் உனக்குக் கொடுத்த வாக்கு போகும். மூடியிருந்தால் உன் பெயர் அவளிடம் நாறிக்கொண்டே இருக்கும். என்னடா செய்வேன் நான்?

கல்லறைத் திருநாளுக்கு வருடா வருடம் அவளுக்குத் துணையாகப் போகிறேன். இந்த வருடம் சுற்றிலும் எல்லோரும் பூ வைத்து மெழுகுவர்த்தி கொளுத்திக்கொண்டிருக்க, அவள் மட்டும் கொளுத்தாமல் நின்றாள்.

"எங்களப் பத்தி நெனச்சாரா அண்ணே? யாரு கேட்டாங்க அந்தக் கையெழுத்த?"

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் அவளே, "நீங்களாச்சும் வேணாம்னு சொல்லியிருப்பீங்க, இல்ல?" என்றாள்.

"சொன்னேம்மா" என்றேன்.

அவள் என் வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். உன் கையெழுத்தைப் போட்ட கையடா அது. இழுத்துக்கொள்ளக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.