மூன்றாவது கிட்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன்.

உன் கட்டியிலிருந்து எடுத்த திசு எங்கள் ஆய்வகத்துக்கு வந்துவிட்டது. "வேற யாரும் தொட வேணாம், நீயே பாரு. ஆனா டாக்டர் சொல்ற வரைக்கும் வாயைத் திறக்காதே" என்று சொன்னாயே, அப்படியே செய்தேன்.

செல்களைப் பிரிந்து பெருக வைக்கும் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க, அதற்கென்று பெட்டியில் வரும் பரிசோதனைக் கிட் ஒன்றைப் பிரித்தேன். தட்டிலுள்ள சின்னக் குழிகளில் திசுக் கரைசலை விட்டு, கிட்டில் வரும் திரவங்களைச் சேர்த்தால் மஞ்சள் நிறம் வரும். புரதம் கூடக் கூட மஞ்சளும் அடர்ந்துகொண்டே போகும்.

முதல் கிட் பழையதோ என்று சந்தேகப்பட்டுப் புதிதாக ஒன்றைப் பிரித்தேன். பிறகு, என் கைதான் தவறியிருக்கும் என்று இன்னொன்றையும் பிரித்தேன். அதுவும் முடிந்து நான்காவது பெட்டியை எடுக்கப் போனபோது, பக்கத்து மேசைத் தோழி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"போதும்டி. கிட்டு மேல ஒரு தப்பும் இல்ல."

கையுறைகளைக் கழற்றிவிட்டு வெளியே வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்க நானும் உன்னோடு வருகிறேன். மாமாவிடம் சொல்லி, தையல் மிஷின் கிடக்கும் அறையைக் காலி செய்து வை. நீண்ட லீவு கேட்டேன். மேலாளர் காரணம்கூடக் கேட்காமல் கொடுத்துவிட்டார். உன் குறட்டையைச் சொல்லித் தினமும் சண்டை போடலாம்.

ஞாயிறு காலை வந்துவிடுவேன். கதவைத் திறந்ததும் முதலில் என் பெட்டியை வாங்கி உள்ளே வை. முகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

உன் வாலு