அளவு ஜாக்கெட்

2.2.2025, ஞாயிறு

இன்றைக்குப் பூசைக்குப் போகவில்லை. தலைவலி என்று அப்பாவிடம் பொய். எந்தச் சேலையை எடுத்தாலும் ஜாக்கெட்டில் கை ஏறவில்லை, அதுதான் உண்மை.

மத்தியானம் கல்யாண் ஊரிலிருந்து, எனக்கு நிச்சயமான சாஜனின் அம்மா போன். முகூர்த்தப் பட்டும் ஜாக்கெட்டும் மாப்பிள்ளை வீட்டில்தானே எடுக்க வேண்டும், அதற்கு அளவு ஜாக்கெட் கேட்டார். "செவ்வாய்க்கிழமை சாஜன் தாராவிப் பக்கம் வாரான், குடுத்து விட்டுரு பிள்ள. இன்னும் மூணு மாசம் கெடக்குன்னு நெனைக்காத, எங்க டெய்லர் இழுத்தடிப்பான்."

பீரோவைத் திறந்து ரொம்ப நேரம் நின்றேன். எனக்குப் பொருந்துகிற ஜாக்கெட் ஒன்றுகூட இல்லை, ரெண்டு வருஷமாகக் குர்திதான். அடியில் அந்த அரக்கு ஜாக்கெட் கிடந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அம்மா தைக்கக் கொடுத்தது. தளவாய் டெய்லர் மிஷின் பக்கத்திலேயே நின்று அவரோடு ஏதோ சண்டை வேறு. நான் வெளியே பானிபூரி தின்றுகொண்டிருந்தேன்.

அதையே கவரில் போட்டு வைத்துவிட்டேன். இதுதான் என் அளவு என்று சொல்லத்தான் ஆசை. மூன்று மாதம் இருக்கிறது, குறைத்துவிட மாட்டேனா?

4.2.2025

சாஜன் வந்து வாங்கிக்கொண்டு போனான். கவரைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

15.2.2025, சனி

செம்பூர் கிளினிக். டாக்டர் ஷ்யாமளா நன்றாகத் தமிழ் பேசுகிறார், மாட்டுங்காத் தமிழர். மேல்கையைக் கிள்ளிப் பார்த்தார். பேனாவால் கோடு போட்டார். வெட்கமாக இருந்தது.

"மிஷின் வெச்சுக் கொழுப்பை உறைய வெக்கலாம். கொஞ்சந்தான் குறையும், அதுவும் தெரியறதுக்கு ரெண்டு மூணு மாசம் ஆகும். உறிஞ்சி எடுக்கறதுன்னா ஆபரேஷன். அப்புறம் வாரக்கணக்கா இறுக்கமா உறை போட்டுண்டு இருக்கணும். உங்களுக்குத் தோலும் தளர்ந்திருக்கு. அதையும் வெட்டித் தெச்சா, அக்குள்லேர்ந்து முழங்கை வரைக்கும் தழும்பு நிக்கும்."

நான் கேட்டது ஒன்றே ஒன்று. மே மூணுக்குள் ஆகுமா?

"கல்யாணத் தேதியை வெச்சிண்டு உடம்பைத் தொடாதீங்கோ." அப்புறம் கேட்டார்: "எப்போலேர்ந்து வெயிட் போட்டுது?"

எப்போதிலிருந்து! அம்மா மார்பில் கட்டி என்று தெரிந்த மாதத்திலிருந்து. ரெண்டு வருஷம் ஆஸ்பத்திரி வராண்டா. அம்மாவுக்கு ஒரு வாய் இறங்காது. "கொண்டாந்த சோறு வீணாப் போகுதே, நீயாவது தின்னு ட்டீ" என்பாள். தின்றேன். அவள் பார்க்கிறாளே என்று பசிக்காமலும் தின்றேன். அவள் இளைக்க இளைக்க நான் பருத்தேன். கடைசியில் அவளை ஒற்றை ஆளாகத் தூக்கி உட்கார வைத்தது இந்தக் கைதான்.

"மூணு நாலு வருஷமா" என்று மட்டும் டாக்டரிடம் சொன்னேன்.

2.3.2025

இரண்டு வாரம் சப்பாத்தியும் வெள்ளரிக்காயும். ஒன்றரைக் கிலோதான் குறைந்தது. கையில் ஒரு நூல்கூடக் குறையவில்லை.

8.3.2025, சனி

போய்விட்டேன். காட்கோபரில், ஸ்டேஷனுக்கு எதிர் மாடியில் ஒரு ஸ்லிம்மிங் சென்டர். டாக்டர் இல்லை. சஃப்ரீன் என்று ஒரு பெண், என்னைவிடச் சின்னவள். "டென்ஷன் மத் லோ, தீதி, கவலைய விடுங்க, மேக்குள்ள பாதிக் கை காணாமப் போயிடும்." கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது!

தோலுக்கும் உறைய வைக்கிற மிஷினுக்கும் நடுவே ஈரமான ஜெல் ஷீட் வைப்பார்களாம். ஒன்றுதான் இருந்தது. அதை ரெண்டாக வெட்டி இந்தக் கைக்குப் பாதி, அந்தக் கைக்குப் பாதி வைத்தாள். சின்னதாக இருக்கிறதே என்று தோன்றியது. இப்போது ரெண்டு கையும் எரிகிறது. தோன்றியதைக் கேட்டிருக்கலாம். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்?

9.3.2025

கொப்புளம். ரெண்டு கையிலும்.

12.3.2025

டாக்டர் ஷ்யாமளாவிடமே போனேன், வேறு எங்கே போக. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. கட்டுப் போட்டுவிட்டு, "அந்த ஷீட்தாம்மா தோலைக் காப்பாத்தறது" என்றார். வலது கை ஆறிவிடுமாம். இடது கையில் தோல் செத்திருக்கிறது, தழும்பு நிற்கும்.

அப்பாவிடம் ஞாயிற்றுக்கிழமையே கொதிக்கிற எண்ணெய் பட்டது என்று சொன்னேன். "எண்ணெய்ச் சட்டிய நீ ஏன் தூக்குன?" என்று கேட்டுவிட்டு, அன்றிலிருந்து சமையல் அவர்தான். குழம்பில் உப்பே இல்லை.

6.4.2025, ஞாயிறு

காலையில் கோயிலில் எங்கள் கல்யாண அறிவிப்பு, முதல் ஓலை வாசித்தார்கள். சிங்கராயர் மகள் ஜாக்குலின் என்று ஃபாதர் படிக்கும்போது அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அம்மா பெயருக்கு முன்னால் 'மறைந்த' என்று வந்ததும் குனிந்துகொண்டார். இன்னும் ரெண்டு ஞாயிறு என் பெயர் வரும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் சாஜன் வீட்டு அத்தை, டெய்லர் தைத்துக் கொடுத்த ஜாக்கெட்டோடு வந்துவிட்டார். சொல்லாமல் கொள்ளாமல்! "போட்டுக் காட்டு பிள்ள." முழங்கைக்கு மேல் ஏறவே இல்லை. அவரே கையைப் பிடித்து ஏற்றப் பார்த்தார். குர்தியின் இடது கையைச் சுருட்டினால் உள்ளே கட்டு.

"என்ன இது?"

"எண்ணெய் பட்டுட்டு, அத்தை."

வலது கையையும் தூக்கிப் பார்த்தார். அங்கே கறுப்பாக அச்சு.

"ரெண்டு கையிலயும் ஒரே மாதிரி நீளவாக்குல எண்ணெய் படுமா? இது என்ன வைத்தியம்? ஒங்கம்மாவுக்கு வந்ததா?"

ஐயோ, இல்லை அத்தை, இல்லை! எல்லாவற்றையும் சொன்னேன். கொழுப்பு, மிஷின், பழைய அளவு, எல்லாம். அழுதுகொண்டே சொன்னேன். அவர் ஜாக்கெட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். அப்பா டீ டம்ளரோடு வாசலிலேயே நின்றார்.

8.4.2025

மாட்டுங்கா ஸ்டேஷன் பாலத்தில் சாஜன்.

"நீ எப்படி இருக்கேன்னு பாத்துட்டுத்தான ஜாக்கு சரின்னேன்? யாரு உன்னைய குறைக்கச் சொன்னா?"

"அத அத்தைகிட்ட சொல்லுங்க."

"சொன்னேன். அளவுல ஒரு பொய், எண்ணெயில ஒரு பொய், இப்ப சொல்றத மட்டும் எப்படி நம்பன்னு கேக்காவ. சீக்க மறைக்கிறாங்கன்னே நிக்காவ."

"நீங்க நம்புறீங்களா?"

ரயில் வந்தது, போனது. அவன் கையில் அதே கவர், உள்ளே என் அரக்கு ஜாக்கெட். அதைக் கொடுத்தான். அதுதான் பதில்.

டாக்டர் சீட்டை எடுத்துக்கொண்டு போயிருக்கலாமே என்று தாதரில் இறங்கும்போது தோன்றியது. நம்பிக்கைக்குச் சீட்டா? ச்சே.

13.4.2025, குருத்து ஞாயிறு

எங்கள் ரெண்டாம் ஓலை வர வேண்டிய நாள். வேறு இரண்டு ஜோடிகளை வாசித்தார்கள்.

3.5.2025

ஒன்றுமில்லை. ஆபீஸ் போனேன்.

14.6.2025, சனி

அம்மாவுக்கு இரண்டாம் வருஷப் பூசை. காலையில் பீரோவைத் திறந்தால் அந்தக் கவர்தான் முதலில் விழுந்தது. எல்லாம் உன்னால்தான் என்று ஜாக்கெட்டின் மேல் அப்படி ஒரு ஆத்திரம். வெட்டிக் கரித்துணி ஆக்கிவிடலாம் என்று கத்திரியை எடுத்தேன். உள்பக்கம் திருப்பினேன்.

விலாப் பக்கத் தையலில் துணி ரெண்டு விரல் அகலத்துக்கு மடிந்திருந்தது. கையிலும் அதே மாதிரி. ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக நாலு வரித் தையல். தளவாய் யாருக்கும் இப்படித் தைக்க மாட்டார், மிச்சத் துணியை வெட்டித் தள்ளிவிடுவார். ஓ, அன்றைக்குச் சண்டை இதற்குத்தானா?

முதல் வரியைப் பிரித்தேன், பத்தவில்லை. இரண்டாவது, மூன்றாவது. கை ஏறியது. கொக்கி மாட்டியது. இடது கைத் தழும்புகூட உள்ளே போய்விட்டது.

ஏம்மா, இதை ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதா? கண்ணாடி முன்னாலேயே உட்கார்ந்து அழுதேன்.

அப்பா எட்டிப் பார்த்தார். "அம்மா தைக்கக் குடுத்ததுதான? ஒனக்குச் சரியாத்தான இருக்கு" என்றார். மணி ஆகிவிட்டது என்று செருப்பை எடுத்துப் போட்டார்.